அப்பாசாமியும் வளையாத கோடுகளும்

திருவூடல் தெருவில் இருந்த அந்த லாட்ஜுக்குள் ஒரு காரைக் கீறல் விழாமல் கொண்டுபோய் நிறுத்திவிட்ட மனிதன், அதன் பிறகு எந்த ஊரில் வேண்டுமானாலும் துணிந்து வண்டி ஓட்டலாம். கூட்டிச் சொல்லவில்லை. தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே போகும். இரண்டு பக்கமும் சுவர். கண்ணாடியை மடக்காமல் கார் நுழையாது. நாற்பது அடி போனதும் அந்தச் சந்து வெடுக்கென்று இடதுபக்கம் ஒடியும். ஒடிகிற முனையில் சுவர் இடிபடக்கூடாது என்று எந்தப் புண்ணியவானோ நட்டுவைத்த கருங்கல் ஒன்று முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதையும் தாண்டினால் முற்றம். ஆறு கார் நிற்கலாம், ஆனால் ஒரு கார்கூடத் திரும்ப முடியாது. அதனால் வருகிற வண்டி எல்லாம் பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். வெளியே போகும்போது தெருவில் இருக்கும் மாடு, ஆட்டோ, பூக்கூடை எல்லாவற்றின் மேலும் பின்னாலேயே போய் ஏறாமல் இருக்க வேறு வழி கிடையாது.

இந்தச் சந்துக்கு அதிபதி அப்பாசாமி. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள். எண்பத்தொன்பதில் வாட்ச்மேன் வேலைக்கென்று வந்தார். காக்கிச் சட்டை, பிளாஸ்டிக் விசில், ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். விசில் ஒரே வாரத்தில் தொலைந்துபோனது. அது ஒன்றும் நஷ்டமில்லை. அவர் தொண்டைக்கு முன்னால் விசில் எம்மாத்திரம்.

வேடிக்கை என்னவென்றால் அப்பாசாமிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் என்ன கார், சைக்கிளிலேயே ஒருமுறை நேராகப் போய் இளநீர்க் குவியலில் இறங்கியவர். ஆனால் அடுத்தவர் ஓட்டும் வண்டியைப் பின்னால் வரவழைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "வா வா வா வா... வந்துகினே இரு... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... ஆங், நேர் பண்ணு... வா வா... போதும்!" போதும் என்ற சொல்லோடு டிக்கியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு. தட்டினால் நிறுத்தியாக வேண்டும். பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்து வண்டிகள் குவிய ஆரம்பித்ததும் "ரா ரா ரா... சாலு!" என்று தெலுங்கும் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்களுக்கு "கம் கம் கம்". நிறுத்த மட்டும் எல்லோருக்கும் அந்த இரண்டு தட்டுதான்.

அவர் சக்கரத்தைப் பார்க்க மாட்டார். ஓட்டுகிறவனின் தோளைப் பார்ப்பார். தோள் காதுவரை ஏறியிருந்தால் ஆள் பயந்திருக்கிறான். அவனிடம் கெஞ்சல் குரல். தோள் தளர்ந்து ஒரு கையால் ஓட்டினால் தலைக்கனம் பிடித்தவன், அவனுக்கு அதட்டல். இன்ஸ்பெக்டர் என்ன, டாக்டர் என்ன, அந்த நாற்பது அடிக்கு எல்லோரும் அப்பாசாமி சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சந்து வாசல் கேட்டைத் தாண்டினால் யாரும் அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அந்த நாற்பது அடியில்தான் அவர் மனிதர். அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டாயிரத்து எட்டில், லாட்ஜ் முதலாளி அருணகிரி ஒரு கார் வாங்கினார். பெயர் எதற்கு? ரோட்டில் போனால் டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீயைக் கீழே விட்டுவிட்டுப் பார்க்கிற ரகம், அவ்வளவுதான். வாங்கியதற்குக் காரணம் வேலூர்ச் சம்பந்தி சின்னசாமி. அவர் முதலில் ஒன்று வாங்கினார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர் சும்மா இருக்க முடியுமா? அருணகிரியும் வாங்கினார். டிரைவர் வைத்தால் கார் டிரைவருடையதாகிவிடும் என்பது அவர் கட்சி. தானே ஓட்டினார்.

ராஜகோபுரத்தின் முன்னால் பூஜை போட்டார்கள். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது. முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் பின்பக்கம் போவதற்குள் டிராபிக் போலீஸ் வந்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். பின்பக்கம் பொட்டில்லாமல் போனதை அப்பாசாமி கவனித்தார். மனதில் சுருக்கென்று பட்டது. யாரிடம் சொல்வது?

லாட்ஜ் வாசலில் அருணகிரி அவரைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்காரவைத்தார். பத்தொன்பது வருஷத்தில் இது முதல்தடவை. அப்பாசாமி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிவர்ஸ் கியர் போட்டதும் எதிரே இருந்த சின்னத் திரையில் பின்னால் இருக்கிற சந்து தெரிந்தது. அதன் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் கோடு.

"பாத்தியா? பின்னாடி கேமரா. பச்சைல இருந்தா ஜாலியா வரலாம். மஞ்சள்னா உஷார். சிவப்புல ஏதாவது வந்துச்சின்னா நிறுத்திடணும்."

அப்பாசாமி இறங்கினார். காரின் பின்னால் போய்க் குனிந்து தரையைத் தேடினார். திரும்பி வந்தார்.

"கீழ ஒரு கோடும் இல்லியே மொதலாளி."

"யோவ், கோடு டிவிக்குள்ளதான்யா!"

முதலாளி சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடித்த கையோடு தீர்ப்பும் சொன்னார்.

"இனிமே எல்லா வண்டிலயும் இதான் வரப்போவுது. உன் சத்தம் இல்லாம இந்தச் சந்துல நான் வண்டிய வுட்டுட்டேன்னு வையி, கேட்டுல உனக்கு வேல இல்ல. பௌர்ணமி வரைக்கும் பாப்போம். அப்புறம் மாடிக்குப் போயிடு. தலகாணி உறை மாத்த ஆளு கம்மியா இருக்குது."

 வேலை போகவில்லை, சோறு போகவில்லை. ஆனால் மாடியில் தலையணை உறை, போர்வை, சோப்பு எல்லாவற்றுக்கும் மேலதிகாரி யார் தெரியுமா? வெள்ளையம்மாள். அப்பாசாமியின் மனைவி. வீட்டில் இருபத்தைந்து வருஷமாக அவள் ராஜ்யம். மிச்சம் இருந்தது அந்த நாற்பது அடி. அதுவும் போனால் மனுஷன் எங்கே போய் நிற்பான்?

சேதி கேட்ட வெள்ளையம்மாள் ஒரு தலையணையை எடுத்து உறைக்குள் மெதுவாக நுழைத்துக் காட்டினாள். "வா வா வா... வந்துகினே இரு... ரைட்ல ஒடி... போதும்! இவ்ளோதான்யா வேல. உனக்கு ஒரே நாள்ல வந்துடும்."

மறுநாள் காலை சோதனை. சுவரோரம் நின்று வாயைத் திறக்கக்கூடாது என்று அப்பாசாமிக்கு உத்தரவு. அருணகிரி திரையைப் பார்த்தபடி பின்னால் வந்தார். நாற்பது அடியும் ரயில் மாதிரி நேராக வந்தது. அப்பாசாமியே மனசுக்குள் சபாஷ் போட்டார். ஒடிகிற இடம் வந்தது. அருணகிரி ஸ்டியரிங்கை ஒடித்தார். ஒடித்துவிட்டு, கோடும் கூடவே வளையும் என்று காத்திருந்தார். கோடு வளையவில்லை. விறைப்பாக நேரே நின்றது. கோட்டுக்குள் கல் இல்லை. ஆகவே வண்டியும் கல்லில் இடிக்காது என்று நம்பி அவர் வந்துகொண்டே இருந்தார். வண்டியோ கோட்டை மதிக்காமல் ஸ்டியரிங் சொன்ன பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அப்பாசாமியின் தொண்டைவரை 'போதும்' வந்துவிட்டது. உள்ளங்கை தானாகவே எழுந்தது. வாயைத் திறக்கக்கூடாதே! எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். கர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

அருணகிரி இறங்கினார். பம்பரைப் பார்த்தார். கல்லைப் பார்க்கவே இல்லை. "எவனோ ஆட்டோக்காரன் ரோட்ல ஒரசிட்டுப் போயிருக்கான், கம்மனாட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பம்பரில் ஒட்டியிருந்தது கருங்கல்லுக்கு அப்பாசாமி தன் கையாலேயே அடித்த காவி. அவர் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைத்துவிட்டார். கீறல் மட்டும் போகவில்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்பாசாமி பீடி பற்றவைத்தபோது, முதலாளி ஜன்னலோரம் நின்று ஷோரூமுக்குப் போன் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"கோடு வளையலிங்க... ஆமா, ஸ்டியரிங்க ஒடிச்சா கோடும் வளையணும் இல்ல? எங்க சம்பந்தி வண்டில வளையுதே... இன்னாது, இந்த மாடல்ல வளையாதா? இம்மாம் பெரிய வண்டி குடுத்திருக்கீங்க, ஒரு கோட்ட வளைக்க முடியாதா உங்களால?... நேரா வந்தா எங்க வரும்னு மட்டும்தான் காட்டுமா? அப்ப ஒடிச்சா?... நானே திரும்பிப் பாத்துக்கணுமா? நானே பாத்துக்கறதுக்கு கோடு எதுக்குங்க?"

போனை வைத்துவிட்டு அருணகிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பாவம், மனுஷன் முகம் தொங்கிப்போயிருந்தது. அப்பாசாமிக்கு இரக்கமாகவும் இருந்தது, உள்ளூர இனிப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருமா என்றால், வந்ததே!

அதன்பிறகு கார் சந்துக்குள் வரவில்லை. "சந்துல ஒரே தூசி" என்று முதலாளி அதைத் தன்னுடைய ரைஸ் மில்லிலேயே நிறுத்தினார். ஆனால் எத்தனை நாளைக்கு? பௌர்ணமிக்குக் கிரிவலம் வரச் சம்பந்தியை அழைத்திருந்தார். சம்பந்தியின் கார் சர்வீஸில் இருந்ததால், 'நம்ம வண்டியிலேயே கூட்டிட்டு வர்றேன், கேமராவையும் பாருங்க' என்று வாயைக் கொடுத்தும் விட்டார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. சம்பந்திக்காகக் காரைக் கழுவச் சொல்லி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாசாமி கழுவினார், துடைத்தார். இந்தக் கார் தன் பிழைப்பில் மண் போட வந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை வண்டியைப் பொட்டில்லாமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கீறலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது: பூஜையில் பின்பக்கம் பொட்டு விட்டுப்போனது, அதனால்தான் அடி பின்பக்கமே பட்டது. மாடிக்குப் போய் வெள்ளையம்மாளிடம் சந்தனமும் குங்குமமும் வாங்கிவந்தார். முன்பக்கம் வைத்தார். பின்பக்கம் வந்து குனிந்தார்.

நம்பர் பிளேட்டுக்கு மேலே, சரியாக நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு வட்டம். வழவழவென்று கறுப்பாக இருந்தது. அப்பாசாமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் என்றாலும் எவ்வளவு பக்தி! பொட்டு வைப்பதற்கென்றே நடுவில் இடம் ஒதுக்கி அனுப்பியிருக்கிறானே! கேமரா என்றால் கல்யாண வீடுகளில் தோளில் தூக்கிவருகிற பெரிய பெட்டிதான் அவருக்குத் தெரியும். அது டிக்கிக்குள் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்திருந்தார். வட்டம் மறையும்படி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒண்ணும் ஆவாது" என்று வண்டிக்குச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணி. மதியத்துக்கு மேல் தெருவை அடைத்துவிடுவார்கள் என்பதால் அதற்குமுன் உள்ளே வந்துவிட வேண்டும் என்று எல்லா வண்டியும் முண்டியடித்தது. அருணகிரியின் கார் சந்து வாசலில் வந்து நின்றது. பக்கத்து சீட்டில் சின்னசாமி, மடிமேல் கைவைத்து, வேடிக்கை பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அப்பாசாமி உத்தரவுப்படி சுவரோரம் வாயை மூடி நின்றார். இந்த ஒரு தடவை வண்டி உள்ளே போய்விட்டால் அவர் கதை முடிந்தது. 

அருணகிரி ரிவர்ஸ் போட்டார். திரை வந்தது. முழுக்கச் செக்கச்சிவந்த இருட்டு. அந்த இருட்டின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் மட்டும் பளிச்சென்று நின்றன.

சின்னசாமி முன்னால் குனிந்து பார்த்தார். "கோடு சூப்பரா தெரியுது சம்பந்தி. ஊர்தான் தெரியல."

அருணகிரி கியரை எடுத்துப் போட்டார். மறுபடியும் எடுத்துப் போட்டார். திரையைத் தட்டினார். தெருவில் ஹாரன் பிய்த்துக்கொண்டு போனது. ஆந்திரா வேன்காரன் தலையை வெளியே நீட்டி என்னவோ திட்டினான். அருணகிரியின் தோள் மெல்ல மெல்ல காதுவரை ஏறியது. அப்பாசாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கண்ணாடி இறங்கியது.

"யோவ் அப்பாசாமி! இன்னாயா மரம் மாதிரி நிக்கற?"

"நீங்கதான் மொதலாளி வாயத் தொறக்காதன்னு..."

"தொறய்யா சாமி! தொற!"

தொறந்தார். அடேயப்பா! முதலாளி வண்டிக்கென்று பத்து நாளாக அடக்கிவைத்திருந்த சத்தம் அத்தனையும் வெளியே வந்தது. "வா வா வா வா... வந்துகினே இருங்க மொதலாளி... டிவியப் பாக்காதீங்க, என்னியப் பாருங்க... ரைட்ல ஒடி... இன்னும்... இன்னும் ஒடி, கல்ல நான் பாத்துக்கறேன்... நேர் பண்ணு... போதும்!" இரண்டு தட்டு. கார் முற்றத்தில் கோலம் போட்டது போல வந்து நின்றது.

சின்னசாமி இறங்கிப் போய், கல்லுக்கும் டயர்த் தடத்துக்கும் நடுவே இருந்த நாலு விரற்கடை இடைவெளியைப் பார்த்தார். பிறகு அப்பாசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"சம்பந்தி, எங்க வண்டில கோடு வளையுது. ஆனா இப்டி அதட்டி உள்ள கொண்டாராது. இது எந்தக் கம்பெனி?"

அன்று முழுவதும் அப்பாசாமியின் கால் தரையில் படவில்லை. கேட் வேலை தப்பித்தது. ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்று வெள்ளையம்மாளிடம் ஏழுதடவை சொன்னார். கேமராவின் கண்ணை மூடியது யார் என்று அவருக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை தெரிந்தது. ஷோரூமிலிருந்து செழியன் என்ற இன்ஜினியர் லேப்டாப், டூல்ஸ் பையோடு வந்தார். முதலாளி, ரூம்காரர்கள், டீக்கடைக்காரர் என்று கூட்டமே கூடிவிட்டது. செழியன் டிக்கியைத் திறந்தார், வயரைப் பார்த்தார், பியூஸைப் பார்த்தார். பிறகு தற்செயலாகக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து ஒரு துடை துடைத்தார்.

"சார், கேமரா நல்லாத்தான் இருக்கு. அதுமேல யாரோ பொட்டு வச்சிருக்காங்க."

கைக்குட்டையில் சந்தனமும் குங்குமமும். டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சந்துக்குள் ஓடினார். அப்பாசாமி துடைத்த இடத்தை எட்டிப் பார்த்தார். அந்த வட்டமா கேமரா! அவ்வளவு சின்னதா!

"யாரு வேல இது?" அருணகிரியின் பார்வை நேராக மாடிப்படியில் நின்ற வெள்ளையம்மாளிடம் போனது. "சந்தனம் உங்கிட்டதான இருக்குது?"

வெள்ளையம்மாள் புருஷனைப் பார்த்தாள். சும்மா நின்றால் பழி அவள்மேல். சொன்னால் கேட் வேலை போய்விடும். அப்பாசாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நான்தான் மொதலாளி. நட்டநடுவுல வட்டமா இருந்திச்சி. கம்பெனிக்காரங்களே பொட்டுக்குனு எடம் வுட்டிருக்காங்கன்னு நெனச்சிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அருணகிரி சிரிக்கவில்லை.

"கேட்டு வேல போயிடும்னு வேணும்னே பண்ணியா?"

"அண்ணாமலையார் சத்தியமா இல்ல மொதலாளி! வண்டிக்கு நல்லது நெனச்சித்தான்..."  கேட் வேலை போவதுகூடப் பரவாயில்லை, பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாரே என்றுதான் அவருக்குக் கண்ணீர் முட்டியது.

"மாடிக்குப் போ" என்றார் முதலாளி.

போனார். நாலு நாள் தலையணை உறை மாற்றினார். வெள்ளையம்மாள் முதல் நாள் மட்டும் கிண்டல் பண்ணினாள். அவர் திருப்பிப் பேசாததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். மதியம் குழம்பில் இருந்த முட்டையை அவர் தட்டில் வைத்தாள். கீழே ஏதாவது வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டால் அப்பாசாமி தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு வண்டி கல்லில் உரசிய சத்தம் கேட்டது. முதலாளியின் வண்டிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கேமரா பளிச்சென்று வேலை செய்தும், அது நாலு நாளாக மில்லிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை சந்து வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. கீழேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"யோவ் அப்பாசாமி! வெள்ளிக்கெழமையும் அதுவுமா வண்டியத் தொடைக்க மாட்டியா?"

அப்பாசாமி வாளியோடு இறங்கிவந்தார். கழுவினார், துடைத்தார். முன்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்தார். பின்பக்கம் போனவர் அந்த வட்டத்தை மட்டும் துணியால் ஒற்றி, கும்பிட்டுவிட்டு, பொட்டு வைக்காமல் ஒதுங்கி நின்றார்.

அருணகிரி காரைச் சுற்றிவந்தார். பின்பக்கம் வந்து நின்றார். கீறலைத் தடவினார். தொண்டையைக் கனைத்தார்.

"பின்னாடி?"

"கேமரா இருக்குதே மொதலாளி."

அருணகிரி தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். டீக்கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பாசாமியின் காதருகே குனிந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்கு அந்தக் கோட்ட வச்சிகினு ஒடிக்க வரலய்யா. இத ஊர்ல சொல்ல முடியுமா? சாமிப் பொட்டு, அழிக்கக்கூடாதுன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். அதே எடத்துல வையி. வச்சிட்டு கேட்டுக்குப் போ."

அப்பாசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கிண்ணத்தில் மூன்று விரலை விட்டுச் சந்தனத்தை அள்ளினார். வட்டத்தின் மேல் அப்பினார். இன்னும் கொஞ்சம் அள்ளி அப்பினார்.

"கெட்டியா வையி, காஞ்சி உதிர்ந்துடப் போவுது" என்றார் முதலாளி.

அப்பாசாமி மறுபடியும் அள்ளினார். மாடி ஜன்னலிலிருந்து வெள்ளையம்மாள் ஒரு தலையணையை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கத்தினாள்.

"போதும்யா, போதும்!"